இன்னும் பெரிதாக்குங்கள்

சனெட்டி மேட்டில் விடிவதில்லை.
வெளுக்கும், அவ்வளவுதான்.
நாலாயிரம் மீட்டருக்கு மேலே
மூச்சைக் கடன் வாங்கித்தான் நடக்க வேண்டும்.

மூன்றாவது நாளாக டாக்னி
வயிறு தரையில் படக் கிடக்கிறாள்.
அவளுடைய லென்ஸ்
என் மகன் காலைவிட நீளம்.
அதற்குக் குளிரும் என்று
முதல் நாளே என் கம்பளியை வாங்கிக்கொண்டாள்.

உலகத்தில் ஐந்நூறுதான் மிச்சம் என்றாள்,
எனக்குத் தெரியாததைப் போல.
நாங்கள் அதைக் குதிரையின் நரி என்போம்.
சினைக்குதிரை போகுமிடமெல்லாம்
பின்னாலேயே போகும்,
நஞ்சுக்கொடி விழும்வரை.
எழுத்துக் கூட்டச் சொல்லிக்
குறித்துக்கொண்டாள்.
காத்திருப்பதில் நீயும் அதுவும் ஒரு சாதி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆங்கிலத்தில் அது வசையாகிவிடுமோ என்று
வறுத்த பார்லியை நீட்டினேன்.

பத்து மணிக்கு மூடுபனி கொஞ்சம் கிழிந்தது.
எலி வளைக்குப் பக்கத்தில்
ஒரு செங்கல் நின்றது.
பிறகு அதற்குக் காது முளைத்தது.
தகரத்தில் ஆலங்கட்டி விழுவதைப் போலக்
கேமரா சடசடத்தது.
நான் பார்க்கவில்லை.
பனிக்குள் தொலைவில் குரைத்ததைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரவு. தின்ஷோவில் ஜெனரேட்டர்
ஒன்பது வரைக்கும்தான்.
என் ஆயுசின் படம் இது என்று
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
மூக்கோடு மூக்கு வைத்து
இரண்டு ஓநாய்கள்.
அடுத்ததற்கு வால் சுருண்டிருக்கிறதே
என்றேன்.
ஓநாய்க்கு வால் சுருளாது.
சிரித்தாள்.
நாய்க்கும் ஓநாய்க்கும் முத்தமா,
இன்னும் நல்லது என்றாள்.

வெறிநோய் வந்த வருஷம்
ரேஞ்சர்களுக்குச் சாக்கு பிடித்தவன் நான்.
பதினேழு சாக்கு.
ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் எடை,
அதற்கு மேல் இல்லை.
கடைசிச் சாக்கை இறக்கிவிட்டு
ஆற்றில் கை கழுவினேன், கழுவினேன்,
விரல் மரத்த பிறகும் கழுவினேன்.
அதிலிருந்துதான்
ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில்
சிவப்பு நூல் கட்டுகிறார்கள்.

இன்னும் பெரிதாக்குங்கள் என்றேன்.
கண்ணைப் பெரிதாக்கினாள்.
கண்ணுக்குள் மேகம் இருந்தது,
தெளிவாக,
அதை வியக்கச் சொன்னாள்.
வியந்தேன்.
கழுத்து, என்றேன்.

கழுத்து சதுரம் சதுரமாக உடைந்தது.
காவி, காவி, சாம்பல், காவி.
ஒரே ஒரு சதுரம் சிவப்பு.
நூலாக இருக்கலாம்.
எதிரே நின்ற ஓநாயின் நிறம்
சிந்தியதாகவும் இருக்கலாம்.

என் முகத்தைப் பார்த்து
என்ன புரிந்துகொண்டாளோ,
கவலைப்படாதே, நாயை எடுத்துவிடலாம் என்றாள்.
விரலால் இரண்டு தேய்ப்பு.
நாய் நின்ற இடத்தில் புல் வளர்ந்தது.
ஒரு தொற்றை இத்தனை சீக்கிரம்
யாரும் நீக்கி நான் பார்த்ததில்லை.

ஜெனரேட்டர் நின்றது.

வாலைச் சுருட்டி, இடது காது கிழிந்து
ரீராவில் மூன்று நாய் உண்டு.
ஒன்று என் மைத்துனன் கெதிருடையது.
ஊசிக்காரர்கள் வந்த அன்று
சந்தைக்குப் போயிருந்தேன் என்றான் அவன்.
நாயுமா என்று
நான் அப்போது கேட்கவில்லை.

அவள் எழுவதற்கு முன்பே
வண்டியை எடுத்தேன். டீசல் அவள் கணக்கு.
மேட்டில் ஒன்றும் தெரியவில்லை,
முகப்பு விளக்கில் பனி மட்டும்
சுவர்போல் முன்னே முன்னே நடந்தது.

என் காலடி கேட்டதும்
பூரே ஓடி வந்தது.
எப்போதும்போல் கையை நக்க வந்தது.
கையை இழுத்துக்கொண்டேன்.
இதுவரை அப்படிச் செய்ததில்லை.
அது குழம்பிப்போய் உட்கார்ந்தது.

சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு
கழுத்து மயிருக்குள் தேடுகிறேன்.
ஒட்டுப்புல். சேறு. பழைய தழும்பு.
ஏதோ ஒரு முடிச்சு தட்டுகிறது.

கதவைத் திறந்துகொண்டு வந்த
என் தங்கை துர்சிது,
இந்நேரத்தில் நாயிடம் என்ன தேடுகிறாய் என்கிறாள்.

விளக்கைக் கொண்டு வா, என்றேன்.